கேட்டலும் கீழ்ப்படிதலும்

எபிரெய மொழியில் 'கீழ்ப்படி' என்பதற்குத் தனிச்சொல் இல்லை. 'ஷமா' என்ற ஒரே வினைச்சொல் காதால் கேட்பதையும் குறிக்கும், கேட்டபடி நடப்பதையும் குறிக்கும். யூதர்கள் காலையும் மாலையும் ஓதிவரும் விசுவாச அறிக்கைக்கு, உபாகமம் 6ஆம் அதிகாரத்தில் அது தொடங்கும் இந்தச் சொல்லே பெயராகிவிட்டது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான 'ஹுபகோஏ'யும் 'கேள்' என்ற வேரிலிருந்து பிறந்ததே. தமிழ் இதை விளக்கம் இல்லாமலே புரிந்துகொள்கிறது. 'சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை' என்றால் அது பிள்ளையின் செவித்திறனைப் பற்றிய பேச்சு அல்ல, நடத்தையைப் பற்றிய பேச்சு. தமிழ் இன்னும் ஓர் அடி முன்னே போகிறது: 'கேள்' என்பதற்கு வினவு என்ற பொருளும் உண்டு. செவிமடுத்தல், சொற்படி நடத்தல், வினவுதல் ஆகிய மூன்றும் ஒரு சொல்லுக்குள் அடங்கியிருப்பது, மெய்யான கிறிஸ்தவ விசுவாசத்துக்குக் கீழ்ப்படிதல் அடையாளமாக இருப்பது எப்படி என்பதை ஆராய மிகவும் உதவும். இந்த மூன்றில் ஒன்று விடுபடும்போதெல்லாம் கீழ்ப்படிதல் திரிந்துபோயிருக்கிறது என்பதைத் திருச்சபையின் வரலாறு காட்டுகிறது.

முதலில் 'அடையாளம்' என்ற சொல்லின் அளவை வரையறுக்க வேண்டும். அடையாளம் வேறு, விலை வேறு. கனி மரத்தைக் காட்டிக்கொடுக்கும், மரத்தை உண்டாக்காது. கீழ்ப்படிந்ததற்குக் கூலியாக இரட்சிப்பு கிடைக்கிறது என்று அப்போஸ்தலர்கள் போதிக்கவில்லை. விசுவாசம் இருக்கும் இடத்தில் கீழ்ப்படிதல் இல்லாமல் போகாது என்பதே அவர்கள் போதித்தது. இந்த வேறுபாட்டை மறந்தவர்கள் ஒரு பக்கம் கணக்குப் பார்க்கும் பக்தியில் விழுந்தார்கள். அதற்கு அஞ்சியவர்கள் மறுபக்கம் எதையும் கேட்காத, எதையும் மாற்றாத கிருபையில் விழுந்தார்கள்.

வேதாகமத்தில் இந்தப் பொருளை மிகக் கூர்மையாகக் காட்டுவது 1 சாமுவேல் 15ஆம் அதிகாரம். அமலேக்கியரை முறியடித்துத் திரும்பும் சவுல், கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றிவிட்டதாகத் தானே முன்வந்து சாமுவேலிடம் சொல்கிறான். அவன் சொல்லி முடிப்பதற்குள் ஆடுகளின் சத்தமும் மாடுகளின் சத்தமும் தீர்க்கதரிசியின் காதில் விழுகின்றன. கேட்டல் பற்றிய கதையில் உண்மையைச் சொல்வதும் ஒரு சத்தமே. சவுலின் பதில்கள் படிப்படியாக நகர்கின்றன: கொண்டுவந்தவர்கள் ஜனங்கள், கொண்டுவந்தது பலியிடுவதற்காக, கடைசியில், ஜனங்களுக்குப் பயந்துவிட்டேன் என்ற ஒப்புதல். இரண்டாவது பதிலே ஆபத்தானது. மீறுதலுக்கு அவன் உடுத்துவது ஆராதனையின் உடை. பலியைவிடக் கீழ்ப்படிதலும் செவிகொடுத்தலுமே மேலானவை என்று சாமுவேல் சொல்லும் தீர்ப்பு, பலியை இழிவுபடுத்தவில்லை. பலியை மறைப்பாக்கிக் கொள்வதைத்தான் கண்டிக்கிறது. ஓர் இனத்தை முழுவதும் அழிக்கச் சொல்லும் அந்தக் கட்டளை இன்று வாசிப்பவரின் மனச்சான்றைப் பிசைகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த உறுத்தலைத் தாண்டிக் குதித்து அதிகாரத்தின் முடிவுக்கு ஓடும் விளக்கவுரை எதுவும் நேர்மையானதல்ல.

மத்தேயு 21ஆம் அதிகாரத்தின் உவமையில் இதே காட்சி வீட்டளவில் திரும்ப வருகிறது. போகிறேன் என்ற மகன் போகவில்லை. மாட்டேன் என்றவன் மனம் மாறிப் போனான். திராட்சைத் தோட்டத்தில் எவன் நின்றான் என்பதே கேள்வி.

பவுலுக்கும் யாக்கோபுக்கும் இடையே இருப்பதாகச் சொல்லப்படும் முரண்பாட்டைப் பற்றிப் பல நூற்றாண்டுகளாக எழுதப்பட்டிருக்கிறது. இருவரும் ஒரே வசனத்தையே எடுத்தாள்கிறார்கள் என்பதைக் கவனித்தால் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். ஆபிரகாமின் விசுவாசம் அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்னும் ஆதியாகமம் 15:6ஐ ரோமர் 4உம் யாக்கோபு 2உம் சுட்டுகின்றன. பவுல் அந்த நாளிலேயே நின்று, விருத்தசேதனத்துக்கு முன்பே இது நடந்தது என்று காட்டுகிறார். யாக்கோபு அதே ஆபிரகாமைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 22ஆம் அதிகாரத்தில் மோரியா மலையில் ஈசாக்கோடு நிற்கும்போது பார்க்கிறார். ஒருவர் வேரைச் சொல்கிறார், மற்றவர் கனியை. ரோமர் நிருபத்தை 'விசுவாசத்தின் கீழ்ப்படிதல்' என்ற தொடரோடு தொடங்கி (1:5) அதே தொடரோடு முடிப்பவரும் (16:26) பவுலே. அந்தக் கிரேக்க வேற்றுமையை 'விசுவாசமாகிய கீழ்ப்படிதல்' என்றும் வாசிக்கலாம், 'விசுவாசத்திலிருந்து பிறக்கும் கீழ்ப்படிதல்' என்றும் வாசிக்கலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துதான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிருபத்திலேயே இல்லை.

1522இல் வெளியான ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்று மார்ட்டின் லூத்தர் மதிப்பிட்டது பரவலாகத் தெரிந்த செய்தி. அதே பதிப்பில் ரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய முன்னுரை, விசுவாசத்தை ஓயாமல் நன்மை செய்துகொண்டிருக்கும் உயிருள்ள பொருளாக வருணிக்கிறது. இந்தச் செய்தி அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை, நீதிமானாக்கப்படுதலை 4ஆம் பிரிவில் வைத்துவிட்டு 6ஆம் பிரிவுக்கு 'புதிய கீழ்ப்படிதல்' என்றே தலைப்பிட்டது. விசுவாசம் நற்கனிகளைத் தந்தே ஆக வேண்டும், ஆனால் அவற்றின்மேல் நம்பிக்கை வைக்கக்கூடாது என்பதே அந்தப் பிரிவின் சாரம். தன் சீடர்களில் ஒருவரான யோகான் அக்ரிக்கோலா நியாயப்பிரமாணத்துக்குச் சபையில் இடமில்லை என்று போதித்தபோது, லூத்தரே அவருக்கு எதிராக வாதுரைகளை நடத்தினார். கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக ஐக்கியமும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கையெழுத்திட்ட கூட்டுப் பிரகடனம், கிருபையால் நீதிமானாக்கப்பட்டவரிடம் நற்கிரியைகள் கனியாகப் பின்தொடர்கின்றன என்பதில் இரு தரப்பும் ஒன்றுபடுவதைப் பதிவு செய்கிறது.

அறிக்கையில் எழுதுவது ஒன்று, சபையில் காண்பது வேறு. 17ஆம் நூற்றாண்டின் லூத்தரன் சபைகளில் கோட்பாடு துல்லியமாகவும் வாழ்க்கை மந்தமாகவும் இருந்ததைக் கண்டு பிலிப் யாக்கோப் ஸ்பேனர் 1675இல் 'பியா டெசிடேரியா' நூலை எழுதினார். அந்நூல் தூண்டிய பக்தி இயக்கத்தின் மையமாக ஹாலே நகரம் வளர்ந்தது. ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே அங்கே நிறுவிய அனாதை இல்லமும் பள்ளிகளும், விசுவாசம் கையால் தொட்டுப் பார்க்கத்தக்க வடிவம் எடுக்க வேண்டும் என்ற நம்பிக்கையில் எழுந்தவை. அந்தப் பக்தி மரபில் உருவான மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். ஏழைகளுக்காகவும் சபை மக்களுக்காகவும் பேசியதால் டேனியக் கோட்டையின் ஆளுநரோடு மோதல் வந்தது. 1708இன் இறுதியில் தொடங்கி ஏறக்குறைய நான்கு மாதங்கள் அவர் சிறையில் இருந்தார். அனுப்பியவர் டென்மார்க் அரசர், அடைத்தவர் அதே நாட்டின் அதிகாரி. மேலிடத்துக்குப் பணிவதும் கடவுளுக்குச் செவிகொடுப்பதும் ஒன்றல்ல என்பதை அந்தச் சிறிய சபை தொடக்கத்திலேயே கண்ணால் கண்டது.

அடையாளத்தை எப்படிப் படிப்பது என்ற கேள்விக்கு மிக ஆழமாகப் பதில் தேடியவர் மாசசூசெட்ஸின் நார்த்தாம்ப்டன் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ். 1740களின் பெரும் எழுப்புதலில் கூட்டங்கள் அழுதன, விழுந்தன, கூவின. அந்த அலை அடங்கியபின் மிஞ்சியது என்ன என்று அவர் கேட்டார். அதன் விளைவான 1746ஆம் ஆண்டு நூல், பக்தி உணர்வுகள் மெய்யானவை என்பதற்குப் பன்னிரண்டு அடையாளங்களைச் சொல்கிறது. கண்ணீரும், உடல் நடுக்கமும், வசனங்கள் தாமாக மனத்தில் எழுவதும் எதையும் நிரூபிக்காது என்று முன்னதாகவே ஒதுக்கிவிடுகிறது. பன்னிரண்டாவதும் மிக நீண்டதுமான அடையாளம் வாழ்நாள் முழுதும் தொடரும் கிறிஸ்தவ நடத்தை. ஒருநாள் உருக்கத்தை அல்ல, சோதனை வரும்போதும் விடாத நடையையே அவர் கேட்கிறார். இந்த அடையாளம் பிறரை அளப்பதற்கு மட்டும் அல்ல, முதலில் தன்னை ஆராய்வதற்கு என்பதையும் வலியுறுத்துகிறார்.

அந்த அளவுகோல் எட்வர்ட்ஸின் வீட்டு வாசலிலேயே தடுமாறுகிறது. 1731இல் நியூபோர்ட்டில் வீனஸ் என்று அழைக்கப்பட்ட ஒரு கறுப்பினச் சிறுமியை அவர் விலைகொடுத்து வாங்கினார். அடிமைகளை வைத்திருப்பதை இறுதிவரை கைவிடவில்லை. நடத்தையே முதன்மைச் சான்று என்று எழுதிய கை அது. இதை அக்காலத்தின் வழக்கம் என்று மூடிவைப்பது, ஜனங்களுக்குப் பயந்ததாகச் சவுல் சொன்னதிலிருந்து அதிகம் தள்ளி நிற்பதல்ல. செவிகொடுத்தவர்கூட எந்த இடத்தில் கேளாச் செவியராக இருக்கிறார் என்பதைக் கீழ்ப்படிதல் பற்றிய ஆய்வு தேடித்தான் ஆக வேண்டும்.

தமிழ்ச் சபையில் அந்த இடத்தின் பெயர் சாதி. தரங்கம்பாடி, தஞ்சாவூர், வேப்பேரிச் சபைகளில் தலைமுறைகளாகத் தனித்தனி இருக்கைகளும் திருவிருந்தில் முன்பின் வரிசையும் நீடித்தன. ஞானஸ்நானம் உண்டு, வேதபாடம் உண்டு, ஞானப்பாட்டு உண்டு. ஒரே பாத்திரத்தில் பருகுவது மட்டும் இல்லை. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாடுகள் உடனடியாகவும் முழுமையாகவும் விலக்கப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பலர் சபையைவிட்டு விலகினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் பிற்காலத்தில், சாதி விஷயத்தில் பொறுமை காட்டிய லைப்சிக் மிஷனோடு சேர்ந்தார்கள். பேராயரின் அணுகுமுறையில் காலனிய மேட்டிமை கலந்திருந்ததா என்பது ஆராயத்தக்க கேள்விதான். ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி கலாத்தியர் நிருபத்திலிருந்து வந்தது. புறவினத்தாரோடு உண்பதை நிறுத்திப் பேதுரு பின்வாங்கியபோது, பவுல் முகத்துக்கு முகம் எதிர்த்து நின்ற அந்தியோகியாவின் பந்தியே அது. உணவுப் பந்தி விசுவாசத்தின் சான்றுமேடை ஆகிறது என்பதை அந்த நிருபத்தை வாசிக்கும் எந்தத் தமிழருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது பொருளான வினவுதல் இல்லாமல் போனால் கீழ்ப்படிதல் என்ன ஆகும் என்பதை 20ஆம் நூற்றாண்டின் ஜெர்மனி காட்டியது. ரோமர் 13ஐ முன்வைத்து அரசுக்குப் பணிவதையே கிறிஸ்தவக் கடமையாகக் கற்ற ஒரு சமூகம் அது. 1933 செப்டம்பரில் பழைய பிரஷ்யச் சபையின் பேரவை, யூத வம்சாவளியினரைச் சபைப் பணிகளிலிருந்து விலக்கும் விதியை ஏற்றுக்கொண்டது. நாஜி ஆட்சியின் தலையீட்டை எதிர்த்து 1934 மே மாதத்தில் பார்மன் நகரில் கூடிய அறிக்கைச் சபையினர், பெரும்பாலும் கார்ல் பார்த் வரைந்த பிரகடனத்தில், திருச்சபை செவிகொடுத்துக் கீழ்ப்படிய வேண்டிய ஒரே வார்த்தை இயேசு கிறிஸ்துவே என்று அறிவித்தார்கள். கேட்டலும் கீழ்ப்படிதலும் அங்கே மறுபடி ஒன்றாக வந்தன. ஆனால் யூதருக்கு இழைக்கப்பட்ட கொடுமை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பின்னாளில் பார்த்தே அதற்காக வருந்தினார். 1938இல் போதகர்கள் ஹிட்லருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றபோது, அறிக்கைச் சபையின் போதகர்களிலும் பெரும்பாலோர் எடுத்தார்கள்.

ஃபிங்கன்வால்டேயில் அறிக்கைச் சபையின் இறையியலாளர் டீட்ரிக் பொன்ஹோஃபர் 1935 முதல் நடத்திவந்த போதகர் பயிற்சிப் பள்ளியை 1937இல் கெஸ்டாப்போ மூடியது. அதே ஆண்டில் வெளியான அவருடைய 'பின்பற்றுதல்' என்ற நூல், மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பை மலிவான கிருபை என்று அழைத்தது. விசுவாசிப்பவன் மட்டுமே கீழ்ப்படிகிறான், கீழ்ப்படிபவன் மட்டுமே விசுவாசிக்கிறான் என்ற இரு வாக்கியங்களையும் ஒன்றையொன்று விட்டுப் பிரிக்கக்கூடாது என்பது அதன் நிலை. சுங்கத்துறையில் உட்கார்ந்திருந்த லேவி, அழைப்பைக் கேட்டதும் எழுந்து போனதற்கு மாற்கு சுவிசேஷம் உளவியல் காரணம் எதையும் தருவதில்லை என்பதை அந்நூல் அழுத்திச் சொல்கிறது. அழைத்தவர் யார் என்பதே காரணம். 1942இன் இறுதியில் நண்பர்களுக்காக எழுதிய ஒரு கட்டுரையில், பணிந்து நடப்பதைத் தங்கள் பெருமையாகக் கருதிய ஜெர்மானியர், அந்தப் பணிவே தீமைக்குக் கருவியாகலாம் என்று எண்ணிப் பார்க்கவில்லை என்று அவர் வருந்துகிறார். 1943 ஏப்ரலில் கைதாகி, 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

ஆகவே இன்று இந்தப் பொருளை ஆராய்வோர் எடுத்துக்கொள்ள வேண்டியவற்றில் முதன்மையானது, கடவுளுக்குக் கீழ்ப்படிதல் என்ற பெயரில் சபைக்குள் மனிதர் தமக்கெனப் பெறும் கீழ்ப்படிதல். போதகரிடம் ஊழியரும், கணவனிடம் மனைவியும், நிர்வாகக் குழுவிடம் ஏழை உறுப்பினரும் கேள்வி கேட்டால் அதைக் கடவுளை எதிர்ப்பதாகச் சித்தரிக்கும் வழக்கத்துக்கு வேதாகமத்தில் ஆதாரம் தேடுவது கடினம். சோதோமுக்காக ஆபிரகாம் ஐம்பதிலிருந்து பத்துவரை கேட்டுக்கொண்டே போனான். கடவுள் ஒவ்வொரு முறையும் பதில் தந்தார். மரியாள் சம்மதம் சொல்வதற்கு முன், இது எப்படி ஆகும் என்று தேவதூதனை வினவினாள். சாகும்வரை கீழ்ப்படிந்தவர் என்று பிலிப்பியர் நிருபம் சொல்லும் இயேசுவும், கெத்செமனேயில் அந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று கேட்டார். மத்தேயுவின் கணக்கில் மூன்று முறை எழுந்துபோய் ஜெபித்தார். அந்த இரவில் பேதுருவும் செபதேயுவின் குமாரர் இருவரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள்.