எழுத்தும் ஓவியமே
(இராதாபுரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருநை நாட்டார்க்கு எழுத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பாண்டியர் இந்நாட்டுக் கோயிற் கற்களில் வட்டெழுத்தால் பொறித்தனர். சோழர் ஆட்சி பரவியபின் தமிழெழுத்து அவ்விடத்தைப் பற்றியது. வடிவம் மாறியது, பொறித்தவன் கைத்திறமோ இன்றும் கல்லில் நின்று பேசுகிறது. மொழிக்கு ஒலி உயிராயின், எழுத்து உடலாம். அவ்வுடலுக்கு அழகு சேர்த்தவருள் ஒருவர் ஓவியர் ஆதிமூலம்.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் கீராம்பூரில் 1938-இல் பிறந்த அவர், சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று 1966-இல் தேறினார். காந்தியடிகள் நூற்றாண்டாகிய 1969-இல் அடிகளைக் கோட்டோவியங்களாக வரைந்து பெயர் பெற்றார். பின்னர் வண்ண ஓவியத்தில் உயர்ந்தபோதும், இதழுக்குப் படம் வரைவதை இழிவென ஒதுக்கினாரல்லர். இடைசெவல் ஈன்ற கி. இராசநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' தொடராக வெளிவந்தபோது, அதற்குப் படம் வரைந்த கை அவருடையதே. நம் தென்பாண்டிச் சீமையின் உழவரும் முதியோரும் அக்கோடுகளில் உயிர்பெற்றனர்.

அவர் சிற்றிதழ்கட்கும் நூல்கட்கும் தலைப்பெழுத்துகளையும் வரைந்தார். அச்சு வார்ப்பில் எல்லாக் ககரமும் ஒன்றே. கையால் வரையுங்காலோ, ஒவ்வோர் எழுத்தும் தன் அண்டை எழுத்தை நோக்கி நெகிழும். ழகரத்தின் கால் நீளும். இடையிலுள்ள வெளியும் வடிவாகும். படிப்பதற்குமுன் பார்க்கவைக்கும் எழுத்து அது. 2008-இல் அவர் மறைந்தார், அவ்வெழுத்துகள் மறையவில்லை.

ஆயின், நம் ஊர்களில் நிலை என்ன? திருமணத்திற்கும் பணி நிறைவுக்கும் வாழ்த்துமடலைத் தூவலால் எழுதி, ஓரத்தில் கொடியும் பூவும் தீட்டி, கண்ணாடிச் சட்டத்துள் இட்டு வழங்கிய வழக்கம் அருகிவருகிறது. கணிப்பொறி நொடியில் அடித்துத் தருகையில் கை எதற்கு என்பர் சிலர். விரைவு வேண்டுவதே, மறுப்பில்லை. ஆனால், கணிப்பொறியில் உள்ள எழுத்தும் முதலில் ஒரு கை கண்ட வடிவன்றோ? கை ஓய்ந்தால் நாளைய புத்தெழுத்து எங்கிருந்து பிறக்கும்? பிறமொழியார் வார்த்துத் தரும் அச்சுக்குள் தமிழ் ஒடுங்கிக் கிடப்பதோ?

எனவே, பெற்றோரே! ஆசிரியப் பெருமக்களே! வரும் பொங்கல் விழாவில், பள்ளிதோறும் ஒரு மடலேனும் மாணவர் கையால் எழுதப்படுக. கோணினும் குற்றமில்லை. எழுத எழுதக் கை திருந்தும். கை திருந்தத் திருந்த எழுத்தின்மேல் காதல் பிறக்கும். அக்காதலே மொழியைக் காக்கும்.

வாழ்க தமிழ்!