உடன் செல்லும் துணை



பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவில் விடியற்காலையில் நடப்போரிடையே தமிழ்ப் பேச்சுக்குக் குறைவில்லை. 1809-ல் இங்கே தண்டு அமைந்தபோது சென்னைப் படையோடு வந்தவர்களின் வழியினர் சிலர். நேற்று மென்பொருள் வேலைக்கு வந்தவர் சிலர். டாக்டர் நடக்கச் சொன்னதால்தான் பெரும்பாலோர் நடக்கின்றனர். சர்க்கரை எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு, முழங்கால் எப்படி என்று ஒருவரையொருவர் தாராளமாக விசாரித்துக்கொள்கின்றனர். சர்க்கரையோடு பல வீடுகளில் கூடவே வந்து குடியேறும் மற்றொரு நோயைப் பற்றி மட்டும் அந்த மூங்கில் நிழலில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அது கணவனுக்கு வரும் நோய். ஆனால் அதன் துன்பத்தில் பாதி மனைவியைச் சேர்கிறது. அதைப் பற்றியே இன்று பேசுகிறோம்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுவோம். தாம்பத்திய உறவுக்கு வேண்டிய விறைப்பு உண்டாகாமலிருப்பது, அல்லது உண்டானாலும் நிலைக்காமலிருப்பது; விறைப்புக் குறைவு என்று இதை அழைக்கலாம். சுவர்களிலும் விளம்பரங்களிலும் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘ஆண்மைக் குறைவு’ என்பது. இதைவிடக் கொடிய பெயரை ஒரு நோய்க்கு யாரும் சூட்டியதில்லை. கண் மங்கியவனைக் கண்ணியம் குறைந்தவன் என்கிறோமா? அயலான் மனைவியை ஏறிட்டுப் பாராத அடக்கத்தைப் பெரிய ஆண்மை என்று போற்றியவர் வள்ளுவர். அச்சொல்லை நாம் ஓர் இரத்தக்குழாயின் கோளாறுக்குக் கொண்டுபோய் ஒட்டிவிட்டோம். பிள்ளைப்பேறு இல்லாமையையும் இதே சொல்லால் குறிப்பவர்கள் உண்டு. அது வேறு, இது வேறு. விறைப்பில் குறை இல்லாதவருக்கு விந்தணு குறைவாக இருக்கலாம். விறைப்பு குறைந்தவர் பல பிள்ளைகளுக்குத் தந்தையாகவும் இருக்கலாம்.

உடலில் நடப்பது என்ன? மனம் கிளர்ச்சியுற்றதும் நரம்புகளின் முனையிலிருந்தும் இரத்தக்குழாயின் உட்சுவரிலிருந்தும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு சுரக்கிறது. அது குறியிலுள்ள மெல்லிய தசைகளைத் தளர்த்துகிறது. தளர்ந்த இடத்தில் இரத்தம் வந்து நிறைகிறது. நிறைந்த இரத்தம் வெளியேறும் வழியைத் தானே அழுத்தி அடைத்துக்கொள்கிறது. நரம்பும் இரத்தக்குழாயும் நல்ல நிலையில் இருந்தால்தான் இது நடைபெறும். நீரிழிவு இவ்விரண்டையும் அரிக்கிறது. புகையும், உயர் இரத்த அழுத்தமும், கொழுப்பும் குழாயைக் கெடுக்கின்றன. அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் உண்ணும் சில மருந்துகளாலேயே இக்குறை வருவதும் உண்டு.

இது எங்கோ ஒருவருக்கு வருவது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 40 முதல் 70 வயது வரையுள்ள 1,290 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வெளியாயிற்று. அவர்களில் 100-க்கு 52 பேருக்குச் சிறிதளவோ பெரிதளவோ இந்தக் குறை இருந்தது. நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு உண்டென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வு 2023-ல் தெரிவித்தது. மற்றதைக் கேட்பவர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி நமக்கு அறிமுகமான ஓர் இல்லத்தைப் பற்றிச் சொல்கிறோம். கணவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒன்பது ஆண்டாகச் சர்க்கரை. திடீரென்று ஒருநாள் அவர் முன்னறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். இரவில் அடிக்கடி எழ வேண்டியிருக்கிறது, உன் தூக்கம் கெடுகிறது என்றார். மனைவி அதை நம்பவில்லை. தமக்கு வயதாகிவிட்டது, தம்மை அவருக்குப் பிடிக்கவில்லை என்று தாமே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார். ஓராண்டு இருவரும் மரியாதையோடு வாழ்ந்தனர். மரியாதை மட்டுமே மிஞ்சிய வீடு எப்படியிருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஒருநாள் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே சூரணமும் லேகியமும். ஊரிலிருந்து வரும் தமிழ்த் தொலைக்காட்சியில் விளம்பரத்தைப் பார்த்து அவர் வரவழைத்தவை. அது மூன்றாவது பொட்டலம். அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. மருத்துவமனையில் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இதைச் சொல்ல நமக்கு நா எழுவதில்லை. தமிழ் தெரிந்த டாக்டரிடம் போகலாமென்றால், அவர் நம் உறவினரின் வீட்டுக்கும் டாக்டராக இருப்பார். அந்த வேளையில் தாய்மொழியில், “கூச்சம் வேண்டாம், பெயர் வெளியே தெரியாது” என்று அழைக்கும் குரல் தாயின் குரலாகவே கேட்கிறது. அந்தக் குரலின் பின்னே இருப்பது கடை.

இத்தகைய விளம்பரங்களைத் தடுக்க மத்திய அரசு 1954-லேயே ஒரு சட்டம் செய்தது. மருந்துகள் மற்றும் மாயப் பரிகாரங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரச் சட்டம் என்பது அதன் நீண்ட பெயர். இன்ப உறவின் ஆற்றலைப் பெருக்குவதாகச் சொல்லி மருந்துக்கு விளம்பரம் செய்வதே அதன்படி குற்றம். சட்டம் பழையதாகிவிட்டது, சுவரெழுத்து புதிதாகிக்கொண்டே இருக்கிறது. 2025 நவம்பரில் பெங்களூருச் செய்தித்தாள்களில் வந்த வழக்கைப் பலர் படித்திருப்பீர்கள். சாலையோரக் கூடாரத்தில் இருந்த ஒருவரின் பேச்சை நம்பி, இதே குறைக்காகச் சுமார் 48 லட்சம் ரூபாய் கொடுத்து ஏமாந்ததாகவும், சிறுநீரகமும் கெட்டுவிட்டதாகவும் இளம் மென்பொருள் பொறியாளர் ஒருவர் காவல்துறையில் புகார் செய்தார். படித்தவர், கைநிறையச் சம்பாதிப்பவர். வெட்கத்தின் முன்னே படிப்பு நிற்பதில்லை.

நாம் சொன்ன அம்மையார் பொட்டலத்தைக் கண்டு சினம் கொள்ளவில்லை என்று சொன்னால் பொய்யாகும். பணத்துக்காக அல்ல; ஓராண்டு தம்மைத் தாமே நொந்துகொண்டதற்காக அழுதார். பிறகு அவர் செய்த செயலைத்தான் நாம் பாராட்டுகிறோம். “உங்கள் கண்ணுக்கு டாக்டரிடம் போனபோது நான் கூட வந்தேன், இதற்கும் வருகிறேன்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கணவர் இரண்டு வாரம் பேசாதிருந்து, மூன்றாம் வாரம் இசைந்தார்.

புலிகேசி நகரில் ஒரு சிறுநீரியல் நிபுணரிடம் போனார்கள். டாக்டர் கன்னடத்தவர், இருவரையும் உட்காரவைத்தே பேசினார். விடியற்காலையில் தானாக விறைப்பு வருகிறதா, எப்போதிலிருந்து இல்லை, புகைப்பதுண்டா, மனக்கவலை உண்டா என்று வரிசையாகக் கேட்டார். தூக்கத்தில் வரும் விறைப்பு நன்றாக இருக்குமானால் காரணம் பெரும்பாலும் மனத்தில். அதுவும் இல்லையானால் உடலில் தேட வேண்டும். “வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?” என்றார். “சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மட்டும்” என்றார் கணவர். அப்போது மனைவி குறுக்கிட்டார்: “மாடி ஏறினால் நெஞ்சு பிடிக்கிறது என்று நாக்கின் அடியில் ஒரு மாத்திரை வைத்துக்கொள்கிறாரே! சட்டைப்பையில் இருக்கிறது.”

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அதன் காரணத்தை விளக்க வேண்டும். 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, பின்னர் உலகெங்கும் பரவிய சில்டெனாஃபில் என்னும் மாத்திரை இந்நோய்க்கு நல்ல மருந்து. நெஞ்சுவலிக்கு மருந்து தேடியபோது தற்செயலாகக் கிடைத்தது அது. ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு அது சேர்ந்தால் இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும்; உயிருக்கே ஆபத்து. மூலிகை என்று விற்கும் பொடிகளில் இதே மருந்தை இரகசியமாகக் கலந்திருப்பதைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கண்டுபிடித்திருக்கின்றனர். பொட்டலம் ‘நன்றாக வேலை செய்தது’ என்றால் அங்கேதான் அச்சப்பட வேண்டும். நம் நண்பரின் பொட்டலம் வேலை செய்யவில்லை. அது அவருடைய நல்லூழ்.

மற்றொன்றும் டாக்டர் சொன்னார். குறிக்குச் செல்லும் தமனி, இதயத்தின் தமனியைவிடக் குறுகியது. கொழுப்புப் படிந்தால் குறுகியதுதான் முதலில் அடைபடும். ஆகையால் இக்குறை பல வேளைகளில் இதய நோய்க்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே வந்து நிற்கும் தூதன். இவரிடத்தில் தூதன் வந்து நெடுநாளாயிற்று, அரசனும் வந்துவிட்டான். முதலில் இதய மருத்துவரிடம் போகச் சொன்னார். அங்கே சிகிச்சை தொடங்கியது. சர்க்கரைக்குப் பத்தியமும் நடையும் கண்டிப்பாயின. விறைப்புக்கு மாத்திரை எழுதவில்லை. நைட்ரேட் தேவைப்படும்வரை எழுத முடியாது என்றும், வெற்றிடக் குழாய்க் கருவி, ஊசி மருந்து என வேறு வழிகள் உண்டென்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் என்ன செய்வது என்று சகோதரிகள் கேட்பார்கள். சொல்வதற்கு எளிய சூத்திரம் நம்மிடம் இல்லை. கணவருக்குக் காவற்காரியாக மாறிவிடலாகாது என்பது ஒன்று. ‘இன்று மாத்திரை போட்டீர்களா, இன்று எப்படி’ என்று நாள்தோறும் விசாரித்தால் படுக்கையறை தேர்வுக்கூடமாகிவிடும். தோல்விக்கு அஞ்சும் மனமே மறுபடி தோல்வியை வரவழைக்கும். மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970-ல் வெளியிட்ட நூலில், நோயாளி என்று ஒருவரைப் பிரிக்காமல் தம்பதியரையே ஒன்றாகச் சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டனர். முதலில் உறவையே விலக்கிவைத்து, அருகிருப்பதும் தொடுவதுமாகச் சில வாரம் கழியச் சொல்வது அவர்கள் முறை. இன்றும் ஆலோசகர்கள் அதைக் கையாள்கின்றனர். காரணம் மனத்தில் இருப்பவர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸில் குடும்ப மனநல மையமே இருக்கிறது.

மாத்திரை கிடைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது மந்திரமன்று. ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும். கொழுப்பு மிக்க விருந்துக்குப் பின் எடுத்தால் தாமதமாகும். மனத்தில் விருப்பம் எழாவிட்டால் வேலையே செய்யாது. ஒருமுறை பயன் தரவில்லையென்று தூக்கி எறிந்துவிடுவோர் பலர். அளவை மாற்ற வேண்டுமா என்பதை டாக்டரிடம் கேட்க வேண்டும்; கடைக்காரரிடம் அல்ல.

மனைவிக்கும் ஓர் உடல் இருக்கிறது என்பதை இத்தனை பேச்சிலும் மறந்துவிடுகிறோம். ஐம்பதை ஒட்டி மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு வறட்சியும் வலியும் உண்டாகலாம். கணவர் நலம் பெற்ற நாளில் அவருக்கு வேதனை தொடங்குமானால் அது என்ன சிகிச்சை? அதற்கும் மருந்துண்டு, அதையும் அதே டாக்டர் அறையில் கேட்கலாம். விருப்பமில்லையென்றால் அதைச் சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. அவர் துணைவி, தாதி மட்டுமல்லர்.

அந்த அம்மையார் இப்போது கைப்பையில் ஒரு சீட்டு வைத்திருக்கிறார். கணவர் உண்ணும் மருந்துகள் எல்லாவற்றின் பெயரும் தமிழில், அளவோடும் வேளையோடும். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை முதல் வரியில், சிவப்பு மையில். எந்த டாக்டரிடம் போனாலும் அமர்ந்தவுடன் அதை எடுத்து வாசித்துக்காட்டுகிறார். படுக்கை முன்னறையிலிருந்து எப்போதோ உள்ளே வந்துவிட்டது. காலையில் பூங்காவில் இருவரும் சேர்ந்தே நடக்கிறார்கள்.