கொங்கிரீட் திருத்தும் முன்: மன்னாரில் கண்டதும் கற்றதும்

(தோட்டக் குடும்பங்களின் வீட்டுப் பராமரிப்புக் கூட்டத்தில் நாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் பெரட்டுக்குப் போய், கொழுந்து நிறுத்து, வீட்டு வேலையும் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் வளவளவென்று பேசமாட்டோம். ஆனால் பேச வந்த விசயம் சின்னது இல்லை. ஒரு குடும்பம் ஆயுள் முழுக்கச் சேர்த்த காசு ஒரு சிலாப்புக்குள் போவதும், அது ஒரே மழைக்காலத்தில் உதிர்ந்து விழுவதும் பற்றித்தான் பேசப் போகிறோம்.

மன்னார் நமக்கு அந்நிய இடம் இல்லை. நம் பாட்டன் பூட்டன் வள்ளத்தில் வந்து இறங்கியது அந்தக் கரையில்தான். அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் கால்நடையாக நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் கணக்கில் அடங்காது. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பலும், இந்தப் பக்கம் ரயிலும் வந்தன. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வடக்கே போன நம் குடும்பங்களும் பல உண்டு. அப்படிப் போன ஒரு குடும்பத்தின் வீட்டைத்தான் மன்னார் தீவில் நாம் பார்த்தோம்.

பெரியவர் 1980களில் தன் கையாலேயே கட்டிய வீடு அது. 1990 இல் சண்டை வந்ததும் பூட்டிவிட்டு இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வரும்போது பெரியவர் இல்லை. வீடு மட்டும் நின்றது. பின் விறாந்தைக்கு மேலே அவர் போட்ட சிலாப்பும் நின்றது. சில வருசம் கழித்து ஒரு நாள் விடியற்காலையில், பேரப்பிள்ளை எழுந்து வெளியே போன கொஞ்ச நேரத்தில், அவன் படுத்திருந்த பாயின் மேல் கொங்கிரீட் துண்டு விழுந்தது. பிள்ளை தப்பியது கடவுள் புண்ணியம்.

உடனே ஒரு கொந்தராத்துக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் அண்ணாந்து பார்த்து ஒரு தொகை சொன்னார். பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டு, விழுந்த இடத்தில் சீமெந்து அப்பி, சுண்ணாம்பும் அடித்துவிட்டுப் போனார். மகள் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து அனுப்பிய காசு அது. அடுத்த மழைக்குள் பூசிய இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக வெடித்தது. ஆளைத் தேடினால் போன் வேலை செய்யவில்லை.

ஏன் இப்படி நடந்தது? நல்ல கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைச் சீமெந்தின் காரம் காக்கிறது. உப்பு உள்ளே போய்விட்டால் அந்தக் காவல் போய்விடும், கம்பி துருப்பிடிக்கும். துரு என்பது இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளிருந்து தள்ளத் தள்ள வெளியில் இருக்கும் கொங்கிரீட் வெடித்து விழுகிறது. மன்னாரில் கடல் காற்றே உப்பு. பல கிணறுகளில் தண்ணீரும் உவர். அந்தக் காலத்தில் கரை மணலையே அள்ளிக் கட்டியவர்களும் உண்டு. அந்தப் பெரியவரும் அப்படித்தான் கட்டினாராம். தெரியாமல் செய்தது. ஆனால் உப்பு சிலாப் முழுக்கக் கலந்துவிட்டது. அப்படிப்பட்ட சிலாப்பில் ஒரு இடத்தை மட்டும் புதுப்பித்தால், ஒட்டுப் போட்ட இடம் நன்றாக இருக்கும், அதன் ஓரத்தில் உள்ள பழைய கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். அந்த வீட்டில் நடந்தது இதுதான்.

“நம்ம மலையில் கடல் இல்லையே, நமக்கென்ன?” என்று கேட்கலாம். நமக்கு உப்பு இல்லை, ஆனால் ஓயாத ஈரம் உண்டு. கம்பிக்கு மேல் கொங்கிரீட் மெல்லிசாக இருந்தால் காற்றும் ஈரமும் வருசக்கணக்கில் உள்ளே போய் அதே வேலையைச் செய்யும். லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போனவர்கள் வீட்டில் தூண் இருக்கிறது, லிண்டல் இருக்கிறது, பீம் இருக்கிறது. இனி அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நாம்தான்.

இரண்டாம் முறை அந்த அம்மா அவசரப்படவில்லை. விவரம் தெரிந்த ஒரு பொறியியல் உத்தியோகத்தரைக் கொண்டு முதலில் வீட்டைப் பார்க்கச் செய்தார். அங்கு நாம் கற்றதை வரிசையாகச் சொல்கிறோம். பிள்ளைகளிடம் கொடுத்துக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

முதலாவது, நோயைக் கண்டுபிடித்த பிறகு வைத்தியம். சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் “டங்” என்று கேட்கும், கெட்ட இடம் பொத்தல் பானை மாதிரிச் சத்தம் போடும். சோக்கட்டியால் வட்டம் போட்டு, எத்தனை சதுர அடி என்று அளந்து எழுதுங்கள். தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது என்றும் பாருங்கள். ஒழுக்கை நிறுத்தாமல் கொங்கிரீட்டைத் திருத்துவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமப்பது போல. தூணிலோ பீமிலோ வெடிப்பு இருந்தால் மேசன் சொல்லை மட்டும் நம்பிக் கொத்த வேண்டாம். பொறியியல் தெரிந்தவர் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, 3 பேரிடம் விலை கேளுங்கள். மூவருக்கும் ஒரே பட்டியலைக் கொடுங்கள். ஆளுக்கொரு வேலையை நினைத்து விலை சொன்னால் எது மலிவு என்று தெரியாது. நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்தவரா என்று கேளுங்கள். பதிவில்லாத சின்ன மேசன்மாரும் நல்ல வேலைக்காரராக இருப்பார்கள். அப்படியானால் அவர் 2 வருசத்துக்கு முன் திருத்திய வீட்டைப் போய்ப் பாருங்கள். நேற்று முடித்த வீட்டைப் பார்த்துப் பயனில்லை. நேற்று அடித்த சுண்ணாம்பு எல்லா வீட்டிலும் வெள்ளையாகத்தான் இருக்கும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். திருத்த வேலையில் மொத்தமாக ஒரு தொகை பேசுவது ஆபத்து. வெளியில் 18 சதுர அடி என்று வட்டம் போட்டிருப்பீர்கள். கொத்திப் பார்த்தால் 30 ஆக இருக்கும். மொத்தத் தொகை பேசிய ஆள் நட்டப்பட மாட்டார், கொத்தாமல் மூடிவிடுவார். ஆகவே ஒரு சதுர அடிக்கு இவ்வளவு, ஓரடி புதுக் கம்பிக்கு இவ்வளவு என்று பேசுங்கள். கொத்தி முடித்ததும் இரண்டு பக்கமும் நின்று அளந்து எழுதுங்கள். இன்ன தொகைக்கு மேல் போனால் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும் என்றும் எழுதுங்கள்.

நான்காவது, வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதும் கடதாசியில் இருக்கட்டும். முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும். துருப்பிடித்த கம்பிக்குப் பின்னாலும் ஒரு விரல் போகும் அளவு கொத்த வேண்டும். துரு இல்லாத கம்பி தெரியும் வரை நீளத்திலும் போக வேண்டும். கம்பித் தூரிகையால் சுரண்டி, நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். கம்பி நான்கில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி வைக்க வேண்டும். அது பழைய நல்ல கம்பியோடு இரண்டு பக்கமும் கம்பித் தடிப்பைப் போல் 40 மடங்கு நீளம் சேர்ந்திருக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் கம்பிக்கு 400 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 16 அங்குலம். ஆற்று மணல், குடிக்கக்கூடிய தண்ணீர், இரண்டைத் தவிர வேறு கூடாது. பூசிய பிறகு 7 நாளாவது ஈரச் சாக்குப் போட்டுத் தண்ணீர் விட வேண்டும். யார் தண்ணீர் விடுவது என்றும் பேசிக்கொள்ளுங்கள். “நீங்க விடுவீங்கன்னு நெனச்சேன்” என்ற பேச்சில்தான் பல வேலை கெட்டுப்போகிறது.

ஐந்தாவது, காசு. வடக்கு கிழக்கில் 46,000 வீடுகளுக்கு இந்திய உதவித் திட்டம் நடந்தபோது, பெரும்பாலான வீட்டுக்காரர் கையிலேயே காசு வந்தது. ஆனால் ஒரேயடியாக வரவில்லை, வேலை ஏற ஏறத்தான் வந்தது. அதே வழியை நாமும் பிடிப்போம். முன்பணம் சாமான் வாங்கும் அளவுக்கு மட்டும். கொத்திக் கம்பியைக் காட்டியதும் ஒரு பங்கு, பூசி 7 நாள் தண்ணீர் விட்டதும் ஒரு பங்கு. 10 வீதத்தைக் கையில் நிறுத்தி, ஒரு மழைக்காலம் தாண்டியதும் கொடுங்கள். நம் கண்ணில் காட்டாமல் எந்தக் கம்பியையும் மூடக் கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள். கடதாசி 2 பிரதி, இரண்டிலும் இருவர் கையெழுத்து.

ஆறாவது, காலம். மன்னாரில் ஐப்பசி, கார்த்திகை மழையும் வேண்டாம், வைகாசிக்குப் பின் அடிக்கும் சோளகக் காற்றும் வேண்டாம் என்று மாசி, பங்குனியைப் பிடித்தார்கள். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துக்கும் தை முதல் பங்குனி வரை தோதான காலம். பதுளைப் பக்கத்தார் மார்கழி, தை மழை ஓய்ந்த பிறகு தொடங்குங்கள். பிள்ளைகள் எங்கே படுப்பது என்பதையும் முதலே தீர்மானியுங்கள்.

இன்னும் ஒன்று. லயத்தில் இருப்பவர்கள் தோட்ட நிருவாகத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் சுவரிலோ தூணிலோ கைவைக்க வேண்டாம். மண் சரிவதால் வந்த வெடிப்பு என்று சந்தேகம் இருந்தால் பூசி மறைக்காதீர்கள். கிராம அலுவலருக்குச் சொல்லி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் பார்க்க வழி செய்யுங்கள். அது கொங்கிரீட்டின் நோய் இல்லை, நிலத்தின் நோய்.

கடைசியாக அந்த மன்னார் வீட்டுக்கு வருவோம். தட்டிப் பார்த்ததில் பின் சிலாப் முழுக்கவே பொத்தல். அதைத் திருத்துகிற செலவில் பாதிக்கே இறக்கிவிட்டு ஓடு போடலாம் என்று கணக்குக் காட்டினார்கள். அந்த அம்மா 2 நாள் பதில் சொல்லவில்லை. “அவர் தலையில சுமந்து போட்ட சிலாப்புங்க” என்றார். மூன்றாம் நாள் அவரே, “பிள்ளை தலைக்கு மேல அது வேணாம், இறக்குங்க” என்றார். சிலாப்பை இறக்கி ஓடு போட்டார்கள். முன்பக்க பீமை மட்டும் முறைப்படி திருத்தினார்கள். மீந்த காசில் கூரைத் தண்ணீர் பிடிக்க ஒரு தொட்டியும் கட்டினார்கள். நிறுத்தி வைத்த 10 வீதத்தை மழை முடிந்து கொடுத்தபோது, மேசன் அந்த வீட்டிலேயே தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாராம்.

எல்லாவற்றையும் திருத்த வேண்டியதில்லை. எதைத் திருத்துவது, எதை இறக்குவது என்று காசு கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்வதுதான் புத்தி. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு சுத்தியலை எடுத்து மெதுவாகத் தட்டிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அளவை எழுதிக்கொண்டு எம்மிடம் வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.