பிள்ளை சொல்லிவிட்டது, இனி வீடு என்ன செய்ய வேண்டும்?



பாலியல் கொடுமையிலிருந்து பிள்ளைகளைக் காப்பது எப்படி என்று பல மேடைகளில் பேசியாகிவிட்டது. காக்க முடியாமல் போன பிள்ளை ஒருநாள் தாயிடம் வந்து, "அந்த மாமா என்னை இப்படிச் செய்தார்" என்று சொல்லிவிட்டால் அதன் பிறகு என்ன? அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்த உரை அதைப் பற்றியதுதான்.

2016 ஜூனில் ரிச்சர்ட் ஹக்கல் என்ற பிரிட்டிஷ்காரனுக்கு லண்டன் நீதிமன்றம் 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. கோலாலம்பூரில் ஏழைக் குடும்பங்களோடு பழகி, ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பவன், பக்திமான் என்று நல்ல பெயர் வாங்கியவன் அவன். 2006 முதல் 2014 வரை பிள்ளைகளுக்கு இழைத்த 71 குற்றங்களை ஒப்புக்கொண்டான். இணையத்தில் இத்தகைய படங்களைப் பரிமாறியவர்களைத் தேடிய வெளிநாட்டுப் போலீசார்தான் அவனைப் பிடித்தார்கள். அத்தனை ஆண்டுகளும் பிள்ளைகள் அந்தப் பாரத்தைத் தனியாகச் சுமந்தார்கள்.

பிள்ளைகள் ஏன் உடனே சொல்வதில்லை? 1983இல் ரோலண்ட் சம்மிட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை விளக்கினார். ரகசியமாக வைத்துக்கொள் என்ற மிரட்டல், எதிர்க்க முடியாத நிலை, பணிந்து போவது, காலம் கடந்து சொல்வது, சொன்னதையே பிறகு மறுப்பது ஆகிய ஐந்தும் இத்தகைய பிள்ளைகளிடம் காணப்படும் என்றார். ஆகவே, "இத்தனை நாள் ஏன் மறைத்தாய்?" என்று கேட்பதில் நியாயமில்லை. தாய் அழுது, தகப்பன் கத்தி, வீடே இரண்டுபட்டால், "சும்மா சொன்னேன்" என்று பிள்ளை பின்வாங்கிவிடலாம். அதைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள்.

முதலில் சொல்ல வேண்டியவை மூன்று. "நீ சொன்னதை நம்புகிறேன். இதில் உன் தப்பு ஒன்றுமில்லை. சொன்னது நல்லது." அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டாம். அத்தை, சித்தப்பா முன் நிறுத்தித் திரும்பச் சொல்ல வைக்க வேண்டாம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்கும் கொடுக்காதீர்கள். உதவி தேட வேண்டுமென்றால் சிலரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

சம்பவம் அண்மையில் நடந்திருந்தால் பிள்ளையைக் குளிப்பாட்டாமல், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் ஓ.எஸ்.சி.சி. என்ற பிரிவு உண்டு. சிகிச்சை, போலீஸ் புகார், சமூக நல உதவி ஆகியவற்றுக்கு அங்கேயே வழி செய்வார்கள். எய்ட்ஸ் கிருமியைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். நாள் கடந்துவிட்டாலும் போகத்தான் வேண்டும். வழி தெரியாதவர்கள் 15999 என்ற தாலியான் காசே எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

லயத்தில் பெரியவர்கள் கூடி, பணம் கொடுத்து, மன்னிப்புக் கேட்க வைத்து, "பேசி முடித்துவிட்டோம்" என்பார்கள். சட்டம் அதை ஏற்காது. 2017ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் கொடுக்காதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. பேசி முடித்தவன் அதே லயத்தில்தான் நடமாடுவான். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு யார் பொறுப்பு?

"வெளியே தெரிந்தால் நாளைக்கு இவளை யார் கட்டுவார்கள்?" என்ற பயம் உண்மையானது. பையன் என்றால் விளையாட்டாக எடுத்துக்கொண்டு மூடி மறைப்பதும் உண்டு. ஆனால், பிள்ளையின் பெயரையோ படத்தையோ பத்திரிகைகள் வெளியிட 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம் தடை விதிக்கிறது. கிசுகிசுவை அடக்குவது அக்கம்பக்கத்தாரின் கடமை. நீதிமன்றம் என்றாலும் நடுங்க வேண்டாம். சிறார் சாட்சி, குற்றவாளியின் முகம் பாராமல், திரைக்குப் பின்னாலிருந்தோ வீடியோ வழியாகவோ பேச 2007ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. வேறு சாட்சி இல்லாவிட்டாலும், பிள்ளையின் வாக்குமூலத்தை மட்டும் வைத்தே தண்டிக்க 2017ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது.

குற்றம் செய்தவன் குடும்பத்துக்குள்ளேயே இருந்தால் துயரம் இரட்டிப்பாகும். சம்பளம் கொண்டு வந்தவனே சிறைக்குப் போகலாம். உறவினர் தாயைத்தான் ஏசுவார்கள். "குடும்பத்தைக் கெடுத்தது நான்தான்" என்று பிள்ளை நினைக்கும். மற்றப் பிள்ளைகள் காரணம் புரியாமல் தவிப்பார்கள். இந்தத் தாய்க்கு அரிசி வாங்கித் தரவும், வழக்கு நாளில் துணைக்கு வரவும் ஆள் வேண்டும். மனநல ஆலோசனை பிள்ளைக்கு மட்டுமன்றித் தாய்க்கும் தேவை. தாய் நம்பி, பக்கத்தில் நின்றால் பிள்ளை தேறி வருவது எளிதாகிறது என்பது இத்துறை வல்லுநர்களின் அனுபவம்.

பள்ளிக்கூடம், விளையாட்டு, தூக்கம், சாப்பாடு எல்லாம் பழையபடி நேரத்துக்கு நடக்கட்டும். பரிதாபப் பார்வை வேண்டாம். நடந்த கொடுமை அந்தப் பிள்ளையின் வாழ்வில் ஒரு பகுதி, வாழ்வே அதுவல்ல. அந்த நம்பிக்கையைப் பிள்ளைக்கு முதலில் கொடுக்க வேண்டியது வீடுதான்.