தோட்ட மண்ணும் தோட்டக் கோயிலும்



நெகிரி செம்பிலானின் நீலாய், லாபு, சிரம்பான் வட்டாரங்களில் பால்மரக் காடாக இருந்த நிலம் பின்னர்ச் செம்பனைக்கு மாறியது. இன்று வீடமைப்புப் பகுதிகளாகி வருகின்றது. 1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றது. 1998இல் அண்டையிலுள்ள சிப்பாங்கில் விமான நிலையம் திறக்கப்பட்டது. மரம் தரும் வருவாயினும் மண்ணின் விலை மிகுந்தபின் தோட்டம் நிலைப்பது அரிது.

சட்டம் இல்லாமலில்லை. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்கத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக்க மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். ஆனால் இரண்டு விண்ணப்பங்களும் தோட்டத் தொழிலாளருடையவை அல்ல. மூன்று தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தவரின் பெயர் அவற்றில் இராது.

இதை உணர்ந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நூறு வெள்ளிப் பங்கு. மாதம் பத்து வெள்ளித் தவணை. மரம் சீவிய கைகளுக்கு அது சிறு தொகையன்று. அப்பணத்தில் 1961இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பட்டா தொழிலாளரின் சங்கத்தின் பெயரில் அமைந்தது.

கோயிலுக்கும் இதே கணக்குத்தான். தோட்டக் கோயில்கள் பல, துரைமாரின் வாய்ச்சொல்லை நம்பி எழுந்தவை. நிறுவனம் கைமாறும்போது அச்சொல் கைமாறுவதில்லை. குடமுழுக்குக்கு நாள் குறிக்குமுன், கோயில் மனை யார் பெயரில் உள்ளது, எவ்வகை நிலம் என்பதை நில அலுவலகத்தில் பார்த்துவிடுவது நன்று. தனிப் பட்டா கேட்பதாயின், தோட்டம் தோட்டமாக இருக்கும்போதே எழுத்தில் கேட்கவேண்டும்.