குறுக்கம் மயக்கம் ஆகலாமா?

 

தமிழில் அறிவியல் எழுத இயலாது என்பார், ஆங்கிலக் குறுக்கங்களையே தெளிவின் எல்லையாகக் காட்டுவர். அத் தெளிவைச் சற்றே ஆய்ந்து பார்ப்போம்.

கடல்நீரின் உப்பளவைக் காட்டும் வரைபடம் ஒன்றைக் கருதுக. அதன் நிலையச்சில் 'பி.பி.டி.' என்னும் ஆங்கில மூன்றெழுத்து நிற்கும். அருகே 35 என்னும் எண் நிற்கும். கடலாய்வார்க்கு அஃது ஆயிரத்தில் 35 பங்கு. அதாவது, ஒரு கிலோகிராம் நீரில் 35 கிராம் உப்பு. நீரிற் கலந்த நஞ்சை ஆய்வார்க்கோ அதே மூன்றெழுத்து, நூறாயிரங்கோடியில் ஒரு பங்கு! இரண்டிற்கும் இடையே நூறுகோடி மடங்கு வேறுபாடு. ஆங்கிலத்தில் ஆயிரத்திற்கும் அப் பேரெண்ணிற்கும் முதலெழுத்து ஒன்றாய் அமைந்ததே இதன் கரணியம். இத்தகைய குறுக்கங்களைத் தவிர்ப்பதே நன்றென்று அனைத்துலக எடையளவைப் பணியகமும் அறிவுறுத்துகின்றது.

'பில்லியன்' என்னுஞ் சொல்லின் கதையும் இஃதே. அமெரிக்காவில் அது நூறுகோடி. பிரித்தானியாவிலோ நெடுங்காலம் நூறாயிரங்கோடி. 1974-இல்தான் பிரித்தானிய அரசு அமெரிக்க வழக்கை ஏற்றது. அதற்கு முந்திய நூலைப் படிப்பவர் எதனைக் கொள்வர்? நம் 'நூறுகோடி' எங்கும் எந்நாளும் நூறுகோடியே!

ஆயினும், பிறர் குறையைக் காட்டி நாம் அமைந்துவிடலாகாது. 'மி.மீ.' என்றவிடத்து 'மி.' ஆயிரத்தில் ஒரு கூறு; 'மி. டன்' என்று சிலர் எழுதுமிடத்து அதுவே பத்து நூறாயிரம். 'கி.மீ.' என்றவிடத்துக் 'கி.' ஆயிரம், 'மி.கி.' என்றவிடத்து அதுவே கிராம். ஆங்கிலத்தார் மில்லிக்குச் சிற்றெழுத்தும் மெகாவிற்குப் பேரெழுத்தும் இட்டு வேறுபடுத்துவர். தமிழெழுத்தில் அவ்விரு வடிவம் இல்லை. எனவே, நமக்கு விழிப்பு மிகுதியும் வேண்டும். மருந்தின் அளவில் மில்லிகிராமும் மைக்குரோகிராமும் மயங்கினால் ஆயிரமடங்கு பிழை நேரும். அங்குப் போவது மதிப்பெண் அன்று, உயிர்!

ஆகவே, தமிழில் அறிவியல் எழுதுவார் மூன்று நெறிகளைக் கைக்கொள்க. வரைபடத்தின் அச்சில் அலகின் பெயரை முழுமையாக எழுதுக. குறுக்கியே தீரவேண்டுமெனின், ஒரு குறுக்கத்திற்கு ஒரே பொருள் கொள்க. அதனை முதற்பக்கத்திலேயே விளக்குக. பேரெண்களை நூறாயிரம், கோடி என நம் எண்ணுப்பெயராலேயே சுட்டுக.

தமிழில் எழுதினோம் என்பது மட்டும் பெருமையன்று. ஐயத்திற்கு இடமின்றி எழுதினோம் என்பதே பெருமை. மயக்கமற எழுதப்பெறும் ஒவ்வொரு தமிழ் வரைபடமும், தமிழால் இயலாது என்பார்க்கு நாம் தரும் விடையாகும்.

வெல்க தமிழ்!