காப்பென்று வந்த ஒப்பந்தம்

(விழாவில் ஆற்றிய உரை)



ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் காலணித் தொழிற்சாலை வேலைக்குச் செல்லும் மகளிர் உளர். அவர்கள் பெறும் ஊதியம் ரூபாயில். தைத்த காலணிக்கு வெளிநாட்டார் தரும் விலையோ டாலரில், யூரோவில். சரக்கு சென்று பணம் வரும்வரை நாணய மதிப்பு எப்பக்கம் சாயும் என்பதை எவரும் அறியார். 2007இல் டாலர் 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியபோது ஏற்றுமதியாளர் பலர் கலங்கிப் போயினர். அவ்வேளையில் காப்பு என்ற பெயரில் வங்கிகளிடமிருந்து பலவகை ஒப்பந்தங்கள் வந்தன.

மூன்று மாதம் கழித்து 1 இலட்சம் டாலர் வரவேண்டிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். டாலருக்கு 40 ரூபாய் என்று வங்கியோடு முன்கூட்டியே விலை பேசிக்கொள்கிறார். பின்னர் டாலர் 50 ரூபாய் ஆனால், கிட்டாமற்போன இலாபத்துக்கு வருந்துவார், அவ்வளவுதான். வந்த டாலரைக் கொடுத்து 40 இலட்சம் பெற்றுவிடுவார்.

மற்றொருவருக்கு 41 ரூபாய் தருவதாக வங்கி சொல்கிறது. ஒரு நிபந்தனை: டாலர் ஏறினால் அவர் 2 இலட்சம் டாலர் தரவேண்டும். வரவிருப்பதோ 1 இலட்சம். எஞ்சியதை 50 ரூபாய்க்கு வாங்கி 41க்குக் கொடுக்கையில் 9 இலட்சம் கைப்பொருள் போகும். இது காப்பன்று. ஒரு ரூபாய் மிகுதிக்காகப் பிறருடைய இடரையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டது.

சுவிட்சர்லாந்தோடு கொடுக்கல் வாங்கலே இல்லாதோரும் டாலர், சுவிஸ் பிராங்கு மதிப்பைச் சார்ந்த ஒப்பந்தங்களில் கையொப்பமிட்டனர். டாலர் அவ்வளவு தாழ்ந்ததில்லை என்ற பழைய கணக்கே அவர்களுக்குத் துணிவு தந்தது. 2008 மார்ச்சில் டாலர் ஒரு பிராங்குக்கும் கீழே இறங்கியது.

பரிக்கிரக பரிமாணம் ஏற்கும் இல்லறத்தார் தம் பொருளுக்கு முன்னரே எல்லை வகுத்துக்கொள்வர். இத்தகைய ஒப்பந்தங்களிலும் எல்லை இருந்தது; ஆனால் அது இலாபத்துக்கு மட்டுமே. இழப்புக்கு எல்லை உண்டா என்பதைக் கையொப்பத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டும்.

கோயம்புத்தூர் ராஜ்ஸ்ரீ சர்க்கரை நிறுவனம் தன் ஒப்பந்தம் பந்தயத்துக்கு ஒப்பானது, ஆதலால் செல்லாது என்று ஆக்சிஸ் வங்கிக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதாடியது. 2008 அக்டோபரில் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. அறிந்து ஒப்பமிட்ட வணிகர், இழப்பு வந்தபின் சூதென்று சொல்லி விலகல் அரிது.

வங்கிகள் மீதும் குறையிருந்தது. ஒப்பந்தம் வாடிக்கையாளருக்குத் தக்கதா என்று பார்க்கும் கடமை அவற்றுக்கு உண்டு. விதிமீறலுக்காக 2011 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்கு அபராதம் விதித்தது. ஒவ்வொன்றுக்கும் 5 முதல் 15 இலட்சம் ரூபாய் வரை. ஒப்பமிட்ட நிறுவனங்கள் பலவற்றின் இழப்போ கோடிகளில் இருந்தது.